நிமிரவும் சாயவும் வல்ல காற்றாடிப் பொறி: வாவிக்கரைத் தோட்டக்காரருக்குச் சில குறிப்புகள்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணற்றரை எழுவான்கரை. மேற்கே வயல்வெளிகள் பரந்து கிடக்கும் நிலம் படுவான்கரை. இரு கரையிலும் வாழும் கமக்காரர்க்கு வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கவலை ஒன்றே, அது நீர். அக்காலத்தில் வீசும் கச்சான் காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, வெம்மையும் வரட்சியும் உடையதாய் இப்பக்கம் இறங்குகின்றது. கத்தரியும் மிளகாயும் வெங்காயமும் அதன் முன் வாடி நிற்கின்றன.

பயிரை வாட்டும் அக்காற்றைக் கொண்டே பயிருக்கு நீரிறைத்தல் கூடுமன்றோ என்ற எண்ணம் பலருக்கு உண்டு. 2022ஆம் ஆண்டில் எரிபொருட் தட்டுப்பாடு ஏற்பட்டு, மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது இவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றது. பழைய எண்ணெய்ப் பீப்பாக்களைக் கொண்டு வீட்டிலேயே காற்றாடி செய்யலாம் என்பது உண்மையே. ஆயினும், சுழலும் காற்றாடியைச் செய்தல் எளிது. காற்றுக்கு ஈடுகொடுக்கும் காற்றாடியைச் செய்தலே அரிது. இவ்வேறுபாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேட்க மறந்த கேள்வி

வாவியோரக் கிராமமொன்றில் ஓர் இளங்கமக்காரர் இரண்டு பீப்பாக்களைப் பிளந்து, நிலைக்குத்தான அச்சிற் பொருத்திக் காற்றாடி அமைத்திருந்தார். ஆடி மாதத்தில் அது நன்றாகச் சுழன்று நீரிறைத்தது. பார்வையிடச் சென்ற நான் அவரைப் பாராட்டினேனேயன்றி, “இதனை எவ்வாறு நிறுத்துவீர்கள்?” என்று கேட்க மறந்தேன். ஐப்பசியில் ஒரு நாள் மாலை இடியுடன் பெருங்காற்று எழுந்தது. பொறியை நிறுத்துதற்கு வழி இருக்கவில்லை; கிட்டச் செல்லவும் எவர்க்கும் துணிவு வரவில்லை. மேற்போதிகையைத் தாங்கிய மரம் தளர்ந்தது. அரைப் பீப்பா ஒன்று கழன்று, வேலியைக் கடந்து, அடுக்களையின் கிடுகுச் சுவரைக் கிழித்து உள்ளே வீழ்ந்தது. நல்லூழாக அவ்வேளை அங்கு ஒருவரும் இருக்கவில்லை. அன்று கேட்காத கேள்வியை இன்று எல்லாக் கமக்காரரிடமும் கேட்கின்றேன்.

இவ்வகைப் பொறியின் வரலாறு

நிலைக்குத்தச்சுக் காற்றாடி புதியதன்று. ஈரான் நாட்டின் கிழக்கே சீஸ்தான், கொராசான் ஆகிய பகுதிகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்தகைய ஆலைகள் தானியம் அரைத்தன. கோடையில் ஏறத்தாழ 120 நாட்கள் ஓயாது வீசும் காற்றை நம்பியே அவை கட்டப்பட்டன. நஷ்டிபான் என்னும் ஊரில் அவற்றுட் சில இன்றும் நிற்கின்றன. அவற்றின் இரு பக்கமும் தடித்த மண்சுவர்கள் உண்டு. அச்சுவர்கள் ஒரு பாதிக்கு மட்டுமே காற்றை விட்டு, மறு பாதியை மறைப்பதோடு, அச்சையும் உறுதியாகத் தாங்குகின்றன.

பின்லாந்து நாட்டுப் பொறியியலாளர் சிகுர்ட் சவோனியஸ் 1920களில் இரண்டு அரை உருளைகளை எதிரெதிராகப் பொருத்திய சுழலியை வகுத்தார். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரேஸ் ஆராய்ச்சி நிலையம் அதனை எண்ணெய்ப் பீப்பாக்களைக் கொண்டு செய்து நீரிறைக்கும் முறையை 1960களில் எளிய வழிகாட்டியாக வெளியிட்டது. நம் கிராமங்களிற் செய்யத்தக்கது இவ்வகையே. அதே காலத்தவரான பிரான்சு நாட்டு டாரியஸ் என்பார் வகுத்த வளைந்த மெல்லிய தகடுகளையுடைய பொறி வலுமிக்கதேனும், பெரும்பாலும் தானாகச் சுழலத் தொடங்காது. தகடுகளின் வடிவமும் மிக நுட்பமாக அமைதல் வேண்டும். ஆகவே அது கிராமப் பட்டறைக்கு உரியதன்று. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1980களில் நிறுவப்பட்ட ‘இயோல்’ என்னும் டாரியஸ் பொறி, நிலைக்குத்தச்சுப் பொறிகளுள் மிகப் பெரியது. அதுவும் 1993ஆம் ஆண்டில் அடிப்போதிகை பழுதுற்றமையால் நின்றுவிட்டது. தகட்டைப் பற்றியே சிந்திப்போர் அடியைப் பற்றியும் சிந்தித்தல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

கிடையான அச்சில் பல தகடுகள் சுழலும் பண்ணைக் காற்றாடிகளையும் நாம் அறிவோம். 1970களின் பிற்பகுதி தொடக்கம் நீர்வள சபையின் காற்றுச்சக்திப் பிரிவு நெதர்லாந்து நாட்டின் உதவியுடன் சிறு கமக்காரருக்கென 3 மீற்றர் விட்டமுடைய அத்தகைய காற்றாடிகளை இலங்கையில் உருவாக்கியது. கிடையச்சுக் காற்றாடிகளின் வெற்றிக்கு 1854ஆம் ஆண்டில் அமெரிக்கரான டானியல் ஹாலடே செய்த ஒரு திருத்தமே முதற் காரணமாயிற்று. காற்று வரம்பு கடந்தால் அவருடைய காற்றாடி தானாகவே காற்றை ஏற்காது ஒதுங்கிக்கொள்ளும். மன்னார்த் தீவில் 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தம்பபவனியின் 30 பெருங் காற்றாலைகளைப் போன்ற இக்காலப் பொறிகளும் கடுங்காற்றில் தம் தகடுகளைத் திருப்பிக்கொண்டு ஓய்ந்து நிற்கின்றன.

நமது பீப்பாக் காற்றாடிக்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. எத்திசைக் காற்றையும் அது ஏற்கும். அதுவே அதன் சிறப்பு. எத்திசைக் காற்றுக்கும் அது முகந்திருப்ப இயலாது; அதுவே அதன் குறை. ஆகையால், தானாக விலகத் தெரியாத பொறியை விலக்கி வைக்கும் வழியை நாமே அமைத்துக் கொடுத்தல் வேண்டும்.

காற்றின் வலுவும் விசையும்

காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலிருந்து பெறத்தக்க வலு எட்டு மடங்காகும். அது பொறியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இரண்டு பீப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்ட சுழலி காற்றுக்குக் காட்டும் பரப்பு ஏறத்தாழ 1.8 சதுர மீற்றர். செக்கனுக்கு 5 மீற்றர் வேகமுடைய இதமான காற்று அதனை ஏறத்தாழ 3 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசையோடு மட்டுமே தள்ளும்; ஒரு சிறுவனும் அதனைத் தாங்கிப் பிடிப்பான். செக்கனுக்கு 40 மீற்றர், அதாவது மணிக்கு 144 கிலோமீற்றர் வேகமுடைய புயல் அதே சுழலியை 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்துக்குச் சமமான விசையோடு தள்ளும். வேகம் எட்டு மடங்கு. விசையோ 64 மடங்கு. இதுவன்றி, தடையின்றிச் சுழலும் அரைப் பீப்பாக்கள் வெளிநோக்கித் தெறிக்க முனையும் விசையும் இவ்வாறே பெருகும். ஆணிகள் பிடுங்கப்படுவதும் தகடுகள் பறப்பதும் இதனாலேயே.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கவர்ந்து, தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்ததை முதியோர் இன்றும் மறந்திலர். அத்தகைய காற்றை எதிர்த்து நிற்கும் காற்றாடியை வீட்டில் எவராலும் செய்தல் இயலாது. செய்ய முயலவும் வேண்டா. வாவியிற் பாய்விரித்துச் செல்லும் மீனவர் கருமேகங் கண்டதும் பாயைச் சுருட்டிக்கொள்வர். அவர்கள் கோழைகளல்லர், காற்றை அறிந்தவர்கள். நாமும் அவ்வழியையே பின்பற்றுதல் வேண்டும்.

எவ்வளவு நீர் கிடைக்கும்?

செக்கனுக்கு 5 மீற்றர் வேகக் காற்றில், மேற்கூறிய அளவுடைய சுழலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 முறை சுழன்று, 20 உவாற்று அளவான வலுவைத் தரும். பம்பியிலும் குழாயிலும் பாதி வீணாகும் எனக் கொண்டால், 4 மீற்றர் உயரத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 900 லீற்றர் நீரை ஏற்றலாம். நல்ல காற்று நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வீசினால் 7,000 லீற்றர் வரை சேரும். மணற்றரையில் நாளொன்றுக்கு 8 மில்லிமீற்றர் நீர் பாய்ச்சுவதாயின், 25 முதல் 30 பேர்ச்சஸ் மரக்கறித் தோட்டத்துக்கு இது போதும்.

நெற்செய்கைக்கு இது போதாது. ஓர் ஏக்கர் வயலுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிமீற்றர் நீர் வேண்டுமாயின், அஃது ஏறத்தாழ 40,000 லீற்றர் ஆகும். ஆகவே படுவான்கரைக் கமக்காரர் இதனை வயலுக்கன்றித் தம் வளவுத் தோட்டத்துக்கே கருதுதல் வேண்டும். மின்சாரம் பெற நினைப்போரும் 20 உவாற்று ஒரு சிறு விளக்குக்கு மேற் போதாது என்பதை மனத்திற் கொள்க.

மெதுவாக இறைத்தல் குறையன்று என்பதையும் கூறுதல் வேண்டும். எழுவான்கரையில் நன்னீர் மணலினுள்ளே உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கின்றது. வலுமிக்க இயந்திரத்தால் விரைந்து இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழக்கூடும். காற்றாடி சிறிது சிறிதாக இறைப்பதால் கிணற்றுக்கு ஊறிவர நேரங் கிடைக்கின்றது.

முதலில் இடத்தைச் சோதித்தல்

பொறியைச் செய்யுமுன் காற்றைச் சோதித்தல் வேண்டும். கருதிய இடத்தில் ஓர் உயர்ந்த கம்பத்திற் சிறு துணிக்கொடி கட்டுக. கொடி விரிந்து நிற்க, இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாது அசைந்தால், காற்று செக்கனுக்கு 3.5 முதல் 5 மீற்றர் வேகமுடையது. புழுதி கிளம்பிச் சிறு கிளைகள் ஆடினால் 5.5 மீற்றருக்கு மேற்பட்டது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களிற் பெரும்பாலான நாட்களில் இவ்வடையாளங்கள் தோன்றாவிடின் அவ்விடத்திற் பொறி அமைத்தல் வீண்செலவாகும். தென்னந்தோப்பின் மறைவில் காற்று தளர்ந்து சுழலும். மேற்குப் பக்கம் திறந்து, வாவியை நோக்கிய தோட்டமே சிறந்தது. வீடு, பாதை, சிறுவர் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 20 மீற்றர் விலகியிருத்தல் வேண்டும்.

சுழலியை அமைத்தல்

200 லீற்றர் கொள்ளும் இரண்டு பீப்பாக்கள் தேவை. கிருமிநாசினி இருந்த பீப்பாக்களைக் கொள்ளற்க. எண்ணெய் இருந்த பீப்பா வெறுமையாகத் தோன்றினும் அதனுள் ஆவி தங்கியிருக்கும். தீயால் வெட்டினாலும் கிறைண்டரால் வெட்டினாலும் அது வெடித்து உயிரைப் போக்கலாம். சலவைச் சோடா கலந்த சுடுநீரால் மும்முறை கழுவி, வாய்வரை நீர் நிரப்பிப் பல மணி நேரம் வைத்து ஊற்றிவிட்டு, உளியாலும் சுத்தியலாலும் நெடுக்கே இரு சம பாதியாகப் பிளக்க. மூடியும் அடியும் பாதிபாதியாக அவற்றோடு ஒட்டியிருத்தல் வேண்டும்; அவையே அரைப் பீப்பாவை வளையாது காப்பன. பிளந்த ஓரங்களை மடித்து அடித்து மழுங்கச் செய்க.

இரு பாதிகளையும் நேருக்கு நேராக வைத்து, பின் ஒன்றை மற்றதன் வழியே நகர்த்துக. உள் ஓரங்கள் ஒன்றையொன்று 12 சென்ரிமீற்றர் கடந்து நிற்கும்போது சுழலியின் அகலம் ஏறத்தாழ 102 சென்ரிமீற்றராக அமையும். நடுவில் உள்ள இவ்விடைவெளியூடாகச் செல்லும் காற்று, எதிர்த்து வரும் பாதியை உள்ளிருந்து தள்ளி உதவும். இரண்டாவது பீப்பாவை முதலாவதற்குச் செங்கோணமாக அதன்மேல் அமைத்தால், காற்று எங்கிருந்து வந்தாலும் பொறி தடையின்றிச் சுழலத் தொடங்கும். மேலும் கீழும் நடுவிலும் 112 சென்ரிமீற்றர் விட்டமும் 12 மில்லிமீற்றர் தடிப்புமுடைய, ஈரத்தைத் தாங்கும் ஒட்டுப்பலகை வட்டங்களை இடுக. இவை காற்று மேலும் கீழும் நழுவாது தடுப்பதோடு பாதிகளையும் பிணைத்து நிற்கும்.

அச்சுக்கு 2 அங்குல நாகமுலாமிட்ட நீர்க்குழாய் ஏற்றது. அதனில் இரும்புத் தட்டங்களைப் பற்றவைத்து, அவற்றோடு பலகை வட்டங்களைத் திருகாணியாலும் சுரையாலும் பூட்டுக. ஆணி அடித்தல் ஒருபோதும் ஆகாது. ஒவ்வொரு சுரைக்கும் பின்னால் இரண்டாவது சுரை இட்டு இறுக்குதல் வேண்டும். முடிவில் அச்சை இரு தாங்கிகளின் மேற் கிடையாக வைத்து உருட்டிப் பார்க்க. எப்பொழுதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அப்பக்கம் பாரங் கூடியது. எதிர்ப்பக்கத்தில் இரும்புத் துண்டு பூட்டிச் சமப்படுத்துக. பாரஞ் சமப்படாத பொறி தன்னைத் தானே குலுக்கி உடைத்துக்கொள்ளும்.

சட்டமும் அடியும்

2 அங்குலக் குழாயால், உள்ளகலம் 135 சென்ரிமீற்றரும் உயரம் 4.5 மீற்றரும் உடைய வாயில் போன்ற சட்டம் அமைக்க. கீழ்க் குறுக்குச் சட்டத்தில் சுழலியின் பாரத்தைத் தாங்கும் அடிப்போதிகையும், நிலத்திலிருந்து 2.4 மீற்றர் உயரத்திலுள்ள நடுச் சட்டத்தில் எண்ணெயில் ஊறிய வைரமரக் கட்டையும், உச்சிச் சட்டத்தில் மேற்போதிகையும் அமையும். உழவு இயந்திரத்தின் சில்லுக் குடத்திலிருந்து எடுத்த பழைய உருளைப் போதிகை அடிக்கு ஏற்றது. அச்சின் கீழ்முனையிலுள்ள வளைகோல், ஒரு சுற்றுக்கு 1/5 லீற்றர் இறைக்கும் றப்பர்த் தகட்டுப் பம்பியை இயக்கும். பம்பி நீர்மட்டத்துக்கு மேல் 6 மீற்றருக்குள் இருத்தல் வேண்டும். நம் பகுதியின் ஆழமற்ற கிணறுகளில் இது கடினமன்று.

சட்டத்தின் இரு கால்களையும் நிலத்திற் புதைத்தலாகாது. சீமெந்துக் கட்டையிற் பதித்த இரும்புத் தகடுகளுக்கிடையே கீல் போலத் தடித்த ஊசியிட்டு, சட்டம் முன்னே சாயத்தக்கதாகப் பூட்டுக. உச்சியிலிருந்து நான்கு பக்கமும் 6 மில்லிமீற்றர் உருக்குக் கயிற்றை இழுத்து, அடியிலிருந்து 4.5 மீற்றர் தூரத்திற் கட்டுக. பக்கக் கயிறுகள் இரண்டின் முளைகளும் கீல் ஊசிகளின் நேர்கோட்டில் அமைந்தால், சட்டத்தைச் சாய்க்கும்போதும் அவை தளராது தாங்கும்.

முளையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மணலில் அடித்த கட்டை ஆவணியில் அசையாது நிற்கும். மார்கழியில் கையோடு வரும். மாரியில் நிலத்தடி நீர் மேலேறும்போது நீரில் மூழ்கிய மணல் தன் பாரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இழந்துவிடுகின்றது. புயல் வருவதும் அக்காலத்திலேயே. ஆகவே கட்டை அடித்தலை விடுத்து, 60 சென்ரிமீற்றர் சதுரமான சீமெந்துப் பாளத்தை ஒரு மீற்றருக்குக் குறையாத ஆழத்திற் படுக்கையாகப் புதைத்து, அதிலிருந்து கயிற்றை எடுக்க.

நிறுத்துதலும் சாய்த்தலும்

அச்சின் அடியில் மோட்டார்ச் சைக்கிளின் சில்லுக் குடத்தையும் அதனுள் அமைந்த பிறேக்கையும் பொருத்துக. பிறேக்கின் கம்பியைச் சுழலியிலிருந்து பத்து மீற்றர் தள்ளி நின்று இழுக்கத்தக்க நெம்புகோலோடு இணைக்க. மரங்களின் பெருங்கிளைகள் ஆடி, குடை பிடித்தல் கடினமாகும் போது காற்று செக்கனுக்கு 11 மீற்றரை எட்டியது எனக் கொண்டு பொறியை நிறுத்துதல் வேண்டும். நின்றபின் சுழலியைச் சங்கிலியாற் சட்டத்தோடு பிணைக்க. பிறேக்கை மட்டும் நம்பிவிட்டு உறங்கச் செல்லற்க.

புயல் எச்சரிக்கை கிடைத்தால் முதலிற் பம்பியின் கோலைக் கழற்றுக. பின் சட்டத்தின் அடியிற் செங்கோணமாக 2.5 மீற்றர் நீளமுடைய தூக்குமரத்தைப் பொருத்தி, பின்பக்கத்து இழுகயிற்றை அதன் நுனியூடாகக் கப்பிக்கு எடுத்து, மெல்ல மெல்லத் தளர்த்திச் சட்டத்தைப் படுக்கவிடுக. முழுப் பாரமும் 150 முதல் 175 கிலோகிராம் ஆகும். நான்கு பேர் கூடினால் இவ்வேலை முடியும். தனியொருவர் முயலுதல் ஆகாது. முதன்முறையாக இதனைச் செய்யும் நாள் புயல் நாளாக இருத்தலாகாது. காற்றில்லாத காலைப்பொழுதில் அயலவரைச் சேர்த்து இருமுறை பழகிக்கொள்க.

இதனினும் சிறந்த வழியொன்று உண்டு. தோட்டத்துக்கு நீர் வேண்டுவது கச்சான் காலத்தில். பொறிக்குக் காற்றுக் கிடைப்பதும் அக்காலத்தில். ஐப்பசி தொடங்கியபின் வானமே நீரைத் தருகின்றது. ஆகவே புரட்டாதி முடியுமுன் சட்டத்தைச் சாய்த்து, சுழலியைக் கழற்றிக் கூரையின் கீழ் வைத்துவிடுதல் வேண்டும். உவர்காற்றால் ஏறிய துருவைச் சுரண்டி, நிறந்தீட்டி, போதிகைகளைக் கழுவிப் புதிய கிறீஸ் இட்டு, உருக்குக் கயிற்றில் அறுந்த இழைகள் உளவோ எனப் பார்த்தற்கும் அதுவே தக்க காலம். சித்திரை முடிவில் மீண்டும் நிமிர்த்தலாம்.

யார் செய்யலாம்?

சூரிய ஒளியால் இயங்கும் பம்பிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றில் பாரமான சுழலும் உறுப்புகள் இல்லை; ஆபத்தும் குறைவு. அவற்றை வாங்க இயன்றவர் அதனையே முதலில் ஆராய்தல் நன்று. திறந்த வாவிக்கரையில் தோட்டமும், பற்றவைத்தல் அறிந்த கையும், உதவிக்கு அயலவரும், ஒவ்வோர் ஆண்டும் பொறியைப் பேணும் பொறுமையும் உடையவர்க்குக் காற்றாடி நல்ல துணையாகும். காற்று வீசுமாயின் இரவிலும் அது நீரிறைக்கும்.

செய்ய முன்வருவோர் பீப்பாவைத் தேடுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணுதல் வேண்டும். இதனை எவ்வாறு நிறுத்துவேன்? எவ்வாறு சாய்ப்பேன்? சாய்ப்பதற்கு அழைத்தால் வரும் நால்வர் யாவர்? இவற்றுக்கு விடையுடையவர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியருடன் கலந்து, கச்சான் தொடங்குமுன் வேலையைத் தொடங்கலாம். விடையில்லாதவர் துலாவையே தொடர்ந்து மிதித்தல் நன்று. துலா மெதுவாகவே இறைக்கும். ஆயினும் அயல்வீட்டுச் சுவரைக் கிழிக்காது.